பிளேன் பாடியது, எனக்குத்தான் கேட்கவில்லை

ஹட்டன் டவுனில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். வீடு கொட்டகலைப் பக்கம், ஒரு தேயிலைத் தோட்டத்தில். நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து போர்டாவது கழற்றி மாட்டுவேன். எறும்புக்கால் மாதிரி இருக்கிற பின்னுக்கெல்லாம் ஈயம் வைத்துப் பழகிய கை. அதனால் எனக்குள் ஒரு திமிர் இருந்தது, கரண்டில் ஓடுகிற எந்தச் சாமானிலும் பழுது என் கண்ணுக்குத் தப்பாது என்று. அந்தத் திமிருக்கு நான் கட்டிய அபராதம் ஐந்து மாதம், 32,700 ரூபாய், வலது கைக் கட்டைவிரலில் ஒரு தழும்பு. ரிமோட் பிளேன் விடுகிற ஆட்கள் எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை. கேட்க ஆளில்லாமல் நானே முட்டி மோதிக் கற்றது இது. மலைநாட்டில் இன்னொருவர் தனியாக இந்தப் பைத்தியத்தைப் பிடித்துக்கொண்டால் அவருக்காவது உதவட்டும்.

2023 டிசம்பரில் கொழும்பில் ஒருவரிடம் 42,000 ரூபாய்க்கு வாங்கினேன். பாவித்த பிளேன்தான், ஆனால் நல்ல நிலையில் இருந்தது. லேசான நுரைப்பொருளில் (போம்) செய்த உடம்பு, மேலே வைத்த இறக்கை, இறக்கை நீளம் 1.2 மீட்டர், மூன்று செல் லிப்போ (லித்தியம் பொலிமர்) பெட்டரி, ரிமோட் எல்லாம் சேர்த்து. உடரட்ட மெனிக்கே ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டு அம்மா பேரப்பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டே வந்தார். பறக்க விடுவது பாடசாலைக்கு மேலே இருக்கிற கிரவுண்டில். ஒரு பக்கம் சவுக்கு மரம், மறுபக்கம் சரிந்து போகிற ஏழாம் நம்பர் தேயிலை மலை. ஞாயிறு காலை ஆறரைக்குப் போனால் ஒன்பது மணிக்குள் மூட்டம் ஏறிவிடும், அதற்குள் விட்டுவிட்டு வரவேண்டும். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு கொஞ்ச காலம் நாட்டில் ட்ரோன் பறப்பதற்கே தடை இருந்ததால், மேலே எது பறந்தாலும் எங்கள் சனத்துக்கு ஒரு பதற்றம் உண்டு. அதனால் தோட்டத்து ஆபீஸில் முதலிலேயே சொல்லி வைத்தேன். நீங்களும் சொல்லி வையுங்கள், சட்டத்தில் இப்போது என்ன இருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளேனுக்குள் கரண்டு போகிற வழியை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவதெல்லாம் அதை வைத்துத்தான். பெட்டரியிலிருந்து பிளக் வழியாக ஈஎஸ்சி என்கிற பெட்டிக்குப் போகும். ஈஎஸ்சி மூன்று வயரில் மோட்டாரை ஓட்டும். அதே ஈஎஸ்சிக்குள் பிஈசி என்று ஒரு சின்னச் சங்கதி இருக்கிறது. அது 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைத்து, ரிமோட்டின் சிக்னலை வாங்குகிற ரிசீவருக்குக் கொடுக்கும். ரிசீவர் அதைச் சர்வோக்களுக்குப் பகிரும். சர்வோதான் இறக்கையிலும் வாலிலும் இருக்கிற மடல்களை அசைப்பது. அதாவது மூளைக்கும் தசைக்கும் ஒரே அடுப்பில் சோறு. இதை நான் அப்போதே தாளில் வரைந்து பார்த்திருந்தால் பாதிப் பணம் மிச்சம்.

முதல் நாலைந்து தடவை நன்றாகத்தான் பறந்தது. ஒரு நாள் கொஞ்சம் முரட்டுத்தனமாக இறக்கியதில் வால் சர்வோவின் பிளாஸ்டிக் பல்சக்கரம் கழன்றது. ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். நான் என்ன செய்தேன்? நாலையும் கழற்றி வீசிவிட்டு, உலோகப் பல் வைத்த டிஜிட்டல் சர்வோ நாலு வாங்கி மாட்டினேன், 5,800 ரூபாய். உறுதியானது, வேகமானது என்று எனக்குப் பெருமை. அது பழைய சர்வோவைவிட எவ்வளவு கரண்டு குடிக்கும் என்று பார்க்கவில்லை.

தைப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு. முழு வேகத்தில் ஏற்றி இடது பக்கம் திருப்பினேன். திருப்பிய நிலையிலேயே பிளேன் உறைந்தது. மோட்டார் நின்றது. நான் ரிமோட்டின் கட்டையை இழுக்கிறேன், தள்ளுகிறேன், ஒன்றும் இல்லை. இரண்டு மூன்று செகண்ட் கழித்து மடல்கள் உயிர் பெற்றன, ஆனால் மோட்டார் வரவில்லை. அதற்குள் உயரம் தீர்ந்துபோய்த் தேயிலைக்குள் இறங்கிவிட்டது. அக்கா மகன் ஓடிப்போய் எடுத்துவந்தான். ஒன்பது வயது. வந்ததும் சொன்னான்: "மாமா, விழுறதுக்கு முன்னாடி பிளேன் பாடிச்சி."

"என்னாடா பாடிச்சி?"

"பெட்டரி மாட்டுனா பாடுமே, அதே பாட்டு. பொறவு டிக் டிக்குன்னு கத்திக்கிட்டே என் தலைக்கு மேல போச்சி."

"போடா, அது காத்துச் சத்தம்" என்றேன். எனக்கு அழுகை வராத குறை. இந்த வார்த்தையைத்தான் நான் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். பெட்டரியைக் கொடுத்ததும் ஈஎஸ்சி மோட்டாரையே ஸ்பீக்கராக வைத்து ஒரு மெட்டுப் போடும். அந்த மெட்டு நடு வானத்தில் கேட்டது என்றால், ஈஎஸ்சி செத்துத் திரும்பவும் பிறந்திருக்கிறது என்று அர்த்தம். ரேடியோ சிக்னல் அறுந்தால் ஈஎஸ்சி சாகாது, சரியாக அமைத்திருந்தால் மோட்டாரை மட்டும் நிறுத்தும். ஆக, போனது சிக்னல் அல்ல, கரண்டு. அடுத்து வந்த டிக் டிக் சத்தமும் சாட்சிதான். பெரும்பாலான ஈஎஸ்சி, திரும்ப உயிர் வரும்போது வேகக் கட்டை மேலே இருந்தால் மோட்டாரை ஓட்டாமல் இப்படிக் கத்தும். நான் பயத்தில் கட்டையை முழுக்க மேலே தள்ளிப் பிடித்திருந்தேன். எல்லாம் ஒன்றாகச் செத்தால், முதலில் வேகக் கட்டையை அடி வரைக்கும் இறக்குங்கள், ஒரு மூச்சு விடுங்கள், பிறகு ஏற்றுங்கள். அன்று எனக்கு இது தெரிந்திருந்தால் உயரம் தீருமுன் மோட்டாரைத் திரும்பப் பிடித்திருப்பேன்.

நானோ சிக்னல்தான் என்று முடிவு கட்டினேன். அன்று தூரத்தில் லேசாக மூட்டம் தெரிந்தது, "பனியில சிக்னல் அடிபடும் அண்ணே" என்று கடைக்கு வருகிற பொடியன்கள் வேறு சொன்னார்கள். இந்த ரிமோட்டுகள் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸில், அலை நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர். மூட்டத்தில் இருக்கிற நீர்த்துளி கண்ணுக்கே தெரியாத பொடி. இருநூறு மீட்டர் தூரத்தில் அது இந்த அலையை ஒன்றும் செய்யாது. மூட்டத்தில் மறைவது பிளேன்தான், சிக்னல் அல்ல. ரிசீவர் அன்டெனாவின் நுனியில் உறை உரித்த 31 மில்லிமீட்டர் கம்பி மடங்காமல், பெட்டரிக்கும் வயர்க்கட்டுக்கும் தள்ளி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். நான் 8,500 ரூபாய்க்குப் புது ரிசீவர் எடுத்தேன். வந்து சேர மூன்று வாரம். பழையதைக் குப்பையில் போடாதது ஒன்றுதான் புத்தியான காரியம்.

புது ரிசீவரை மாட்டி, ரிமோட்டின் பலத்தைக் குறைத்துத் தூரம் சோதிக்கிற ரேஞ்ச் டெஸ்ட் பட்டனை அழுத்திக்கொண்டு முப்பது காலடி தூரம் நடந்து பார்த்தேன். எல்லாம் அசைந்தது. ஆனால் மோட்டாரை ஓடவிடவில்லை, ஒரு கட்டையை மட்டும்தான் மெல்ல ஆட்டினேன். அப்படிச் செய்தால் எந்தப் பிளேனும் பாஸ் ஆகும். மோட்டார் ஓட ஓட, இரண்டு கட்டையையும் சுற்றிச் சுற்றி ஆட்டி, கூட ஒருவர் பிளேனைப் பின்னால் நின்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு செய்தால்தான் அது டெஸ்ட். பிப்ரவரிக் கடைசியில் அதே மாதிரி, அதே திருப்பத்தில் திரும்பவும் விழுந்தது. இந்தத் தடவை மூக்கு பிளந்தது.

இனி ஈஎஸ்சிதான் குற்றவாளி என்று 6,800 ரூபாய்க்கு இன்னொன்று வாங்கினேன். அதே வகை, அதே அளவு, உள்ளே அதே பிஈசி. வியாதியை அப்படியே படியெடுத்து வாங்கிவந்திருக்கிறேன் என்று சொல்லலாம். அதோடு முடியவில்லை. புது ஈஎஸ்சிக்குப் பெட்டரிப் பிளக் வைத்து வரவில்லை. மஞ்சள் நிற எக்ஸ்டி60 பிளக்கை நானே ஈயம் வைத்தேன், கடையில் போன் போர்டுக்கு வைக்கிற 25 வாட் ஊசிமுனை அயனால். பளபளவென்று அழகாகத்தான் இருந்தது. இன்னொன்றும் செய்தேன்: எங்கள் இடம் 1200 மீட்டருக்கு மேல், கொழும்பைவிடக் காற்று பத்தில் ஒரு பங்குக்குமேல் லேசு, ஏறுவதற்குச் சோம்புகிறது என்று 8 அங்குல விசிறியை (புரொப்பெல்லரை) எடுத்துவிட்டு 9 அங்குலம் போட்டேன். ஒரு அங்குலம்தானே என்று தோன்றும். பிறகு வாட் மீட்டர் வைத்துப் பார்த்தபோது 17 ஆம்பியர் எடுத்த மோட்டார் 25 எடுத்தது.

நல்லவேளையாக அதைப் பறக்க விடுமுன் ஒரு ராத்திரி இஸ்தோப்பில் (வீட்டு முன் விறாந்தையில்) வைத்துச் சோதித்தேன். ரிசீவரில் சும்மா இருக்கிற சேனலில் மல்டிமீட்டரைக் குத்தினேன். 5.02 வோல்ட். இதையே முன்னாலும் பார்த்துத் திருப்திப்பட்டிருக்கிறேன். இந்தத் தடவை இரண்டு கட்டையையும் வெறி பிடித்த மாதிரி ஆட்டினேன்: 4.4. வால் மடலை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, காற்று தள்ளுகிற மாதிரி, ஆட்டினேன்: 3.6, ரிசீவர் லைட் அணைந்தது, சர்வோ நாலும் உறைந்தன, இரண்டு மூன்று செகண்டில் திரும்ப வந்தன. பார்த்ததும் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். உள்ளே தூங்கிய அம்மா எழுந்து வந்து திட்டினார்கள். மீட்டரே மெதுவான சாமான், அது 3.6 காட்டினால் உண்மையில் அதற்கும் கீழே போய் வந்திருக்கும்.

காரணம் எளிது. அந்த பிஈசி பழைய லீனியர் வகை. 12.6 வோல்ட்டில் 5 போக மிச்சம் 7.6 வோல்ட்டைச் சூடாக்கித்தான் தள்ளும். ஒன்றரை ஆம்பியர் எடுத்தால் 11 வாட்டுக்குமேல் சூடு, கட்டைவிரல் நகமளவு சிப்பில். பிளாஸ்டிக் சர்வோ நாலுக்கு அது தாங்கியது. என் டிஜிட்டல் சர்வோக்கள் ஒரே நேரத்தில் இழுத்தால் ஒவ்வொன்றும் ஒரு ஆம்பியரைத் தொடும். சர்வோவை மாற்றினால் பிஈசி தாங்குமா என்று கணக்குப் பார்க்கவேண்டும். மடலை அசைக்கிற கம்பி எங்காவது உரசினாலும் சர்வோ சும்மா நிற்கும்போதே முனகிக்கொண்டு கரண்டு குடிக்கும், அதையும் கவனியுங்கள். ரிசீவரில் 4700 மைக்ரோபரட் கெப்பாசிட்டர் ஒன்றைச் செருகு என்று சிலர் சொல்வார்கள். செருகுங்கள், கெடுதல் இல்லை; ஆனால் ஒரு ஆம்பியர் பற்றாக்குறைக்கு அது ஒரு வோல்ட் இறங்காமல் தாங்குவது ஐந்து மில்லி செகண்ட் கூட இல்லை. வைத்தியம், மிச்ச வோல்ட்டை இப்படிச் சூடாக்கி வீணாக்காத ஸ்விட்சிங் வகையில் ஒரு தனி பிஈசிதான். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் அலைந்து 2,200 ரூபாய்க்கு 5 ஆம்பியரில் ஒன்று எடுத்தேன். அதை மாட்டும்போது ஈஎஸ்சியிலிருந்து ரிசீவருக்கு வருகிற மூன்று வயரில் நடுவிலுள்ள சிவப்பை மட்டும் ஊசியால் நிமிண்டி வெளியே எடுத்து டேப் சுற்றிவிடுங்கள், இரண்டு பிஈசி ஒன்றோடொன்று மல்லுக்கட்டாமல் இருக்க.

தழும்பு அந்த ராத்திரி வந்ததுதான். விசிறியைக் கழற்றாமல் மேசையில் வைத்துச் சோதித்தேன், மீட்டரை எட்டி எடுக்கையில் முழங்கை வேகக் கட்டையில் பட்டது. நாலு தையல். மேசையில் வைத்துச் சோதிக்கையில் விசிறியோடு பெட்டரியைக் கொடுக்காதீர்கள்; இதை மட்டும் விளக்கப்போவதில்லை.

மார்ச் முழுக்கத் தையலும் வேலையுமாகப் போயிற்று. ஏப்ரலில் நாலு தடவை விட்டேன், நாலும் அருமை. சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாள் ஐந்தாவது. வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் எல்லாம் கிரவுண்டில். ஆறாவது நிமிடம், முழு வேகம், செங்குத்தாக ஏற்றினேன். மேலே போய் மோட்டார் நின்றது. அமைதியில் எனக்கே கேட்டது, அந்தப் பாட்டு. பாடிவிட்டுத் திரும்பவும் செத்தது. கவ்வாத்து வெட்டிய தேயிலை மலையில், ஈட்டி மாதிரி நிற்கிற கொம்புகளுக்கு மேலே குப்புற விழுந்தது. இறக்கை நாலு இடத்தில் குத்துப்பட்டு, மோட்டார் அச்சு வளைந்து, சாமான் செலவு 9,400. விருந்தாளிகள் கைதட்டினார்கள், வித்தை என்று நினைத்து. அக்கா மகன் என்னைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு வாரம் பிளேனைத் தொடவில்லை. உண்மையைச் சொன்னால் விற்றுவிடத்தான் நினைத்தேன். பிறகு டவுனில் பழைய ரேடியோ, ஆம்ப்ளிபயர் திருத்துகிற பாஸ் (கைத்தொழில்காரர்) ஒருவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரன் இன்னொரு கடைக்காரனிடம் போய் நிற்பதென்றால் எவ்வளவு வெட்கம் என்று தொழில் செய்கிறவர்களுக்குத் தெரியும். வோல்ட் எல்லாம் சரியாகக் காட்டுகிறது என்று சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "தம்பி, வோல்ட்டு இருக்கு, பெலம் இருக்கா?" என்றார். வேன் ஹெட்லைட் பல்ப் ஒன்றை எடுத்து, இரண்டு இழையையும் சேர்த்து, ஈஎஸ்சியின் பெட்டரி வயர் முடிகிற இடத்தில் மாட்டினார். பத்து ஆம்பியருக்குக் கிட்ட எடுக்கிற சுமை, விசிறியும் இல்லை, ஆபத்தும் இல்லை. மீட்டரின் ஒரு முனையைப் பிளக்கின் உலோகத்திலும் மறு முனையை நான் ஈயம் வைத்த வயரிலும் வைத்தார். ஒரே கம்பிதான், கிட்டத்தட்டப் பூச்சியம் வரவேண்டும். 280 மில்லிவோல்ட் காட்டியது. வயரை லேசாக ஆட்டினார், பல்ப் கண் சிமிட்டியது. அப்படியே இழுத்தார். வயர் ஈயத்தைவிட்டுப் பல் விழுந்த மாதிரி முழுசாகக் கழன்று வந்தது.

குளிர் ஈயம். தடித்த செம்பு வயரும் பிளக்கின் கிண்ணமும் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். என் ஊசிமுனை அயனால் ஈயம் உருகியது, ஆனால் வயர் இழைகளுக்குள் ஓடவில்லை, மேலே போர்வை மாதிரி மூடிக்கொண்டு நின்றது. பத்து ஆம்பியரில் 280 மில்லிவோல்ட் என்றால் 25 ஆம்பியரில் அந்த ஒரு மூட்டில் மட்டும் 18 வாட்டுக் கிட்ட சூடு. நான் ஈயம் வைத்த அயனே 25 வாட்தான்! பாஸ் 100 வாட் அயனை எடுத்து, வயருக்கும் கிண்ணத்துக்கும் தனித்தனியாக முதலில் ஈயம் பூசி, பிறகு இரண்டையும் சேர்த்து மூன்று செகண்டில் முடித்தார். பிளக் இளகிக் கோணாமல் இருக்க எதிர்ப் பிளக்கைச் செருகி வைத்துக்கொண்டு. திரும்ப அளந்தோம், 6 மில்லிவோல்ட். காசு கேட்டேன், "ஒரு பிளேன் டீ சொல்லுங்க, உங்க பிளேனுக்கு" என்றார்.

அந்தப் பழைய ஈஎஸ்சியை மாற்றியிருக்கவே தேவையில்லை, மாற்றாமல் இருந்தால் இந்தக் குளிர் ஈயமும் வந்திருக்காது. கணக்கைப் பார்க்கிறேன்: தேவையாக இருந்தது 2,200 ரூபாய் பிஈசி மட்டும். அதுகூட ஒரு சர்வோவை மட்டும் மாற்றியிருந்தால் வேண்டியிருக்காது. பிளேன் விழுகிற ஒவ்வொரு தடவையும் நான் சந்தேகப்பட்டது அடுத்தவன் செய்த சாமானை. கடைசியாக நான் எதைத் தொட்டேன் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இப்போது கொப்பி ஒன்றில் எழுதுகிறேன், தேதி போட்டு, என்ன மாற்றினேன் என்று.

எது செத்தது என்று பார்த்தாலே பாதி வழி தெரியும். மோட்டார் மட்டும் நின்று சர்வோ உயிரோடு இருந்தால் பெட்டரி இறங்கியிருக்கும், இல்லை ஈஎஸ்சி சூடேறியிருக்கும், பதறாமல் இறக்கலாம். மலைக்காலைக் குளிரில் இது அடிக்கடி வரும், குளிர்ந்த லிப்போ சுமையில் சட்டென்று வோல்ட் விழும். நான் பெட்டரியை ஸ்வெட்டருக்குள் வைத்துத்தான் கிரவுண்டுக்குக் கொண்டுபோகிறேன். செல்லுக்கு 3.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடுவதில்லை, பறக்காத மழை மாதங்களில் 3.8இல் வைத்து விடுகிறேன். ஒரு சர்வோ மட்டும் துடித்தால் அந்தச் சர்வோ அல்லது அதன் வயர். எல்லாம் ஒன்றாக உறைந்து, மெட்டுக் கேட்டால் கரண்டு. எல்லாம் உறைந்து, மெட்டுக் கேட்காவிட்டால் அப்போதுதான் ரேடியோவையும், தனி பிஈசி இருந்தால் அதையும் சந்தேகப்படுங்கள். சிக்னல் அறுந்தால் என்ன ஆகும் என்று அறிய, விசிறியைக் கழற்றிவிட்டு மோட்டார் ஓடும்போது ரிமோட்டை அணைத்தும் பாருங்கள், மோட்டார் நிற்கிறதா என்று. என்னுடையது பாதி வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. விற்றவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மே மாதம் மழை பிடித்துக்கொண்டது. நடுவில் ஒரு ஞாயிறு இரண்டு மணித்தியாலம் வெளுத்தது, போய் மூன்று தடவை விட்டோம். மூன்றாவது தடவை ரிமோட்டை அக்கா மகன் கையில் கொடுத்தேன். அவன் பிளேனைப் பார்ப்பதைவிடக் காதைத் தீட்டிக்கொண்டுதான் நின்றான். "பாடல மாமா" என்று இறங்கின பிறகுதான் சொன்னான்.

பழைய ரிசீவரும் பழைய ஈஎஸ்சியும் கடை லாச்சியில் இருக்கின்றன, இரண்டிலும் ஒரு பழுதும் இல்லை. பிளாஸ்டிக் சர்வோவோடு ஓட்டினால் அந்த ஈஎஸ்சி நன்றாக உழைக்கும். நம் பக்கத்தில் யாராவது புதிதாகக் கட்டுகிறீர்கள் என்றால் வந்து எடுத்துக்கொண்டு போங்கள். பிளக் வைக்க மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், பாஸிடம் கூட்டிப்போகிறேன்.